மிச்சச் சூடு

மலைநகரத்தில் மின்சாரத்தால் வெந்நீர் போடத் தடை வந்த பிறகு, சுற்றியிருக்கும் சூட்டைக் கறந்துதான் எல்லோரும் குளித்தார்கள். பரந்தாமன் வீட்டுக் குளியலறையில் அப்படிப்பட்ட இரண்டு கருவிகள் கிடந்தன. தீபாவளிக்குள் ஒன்றைப் பொருத்தி, மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

தொட்டி வைத்த தேக்குசூடி, இரவெல்லாம் இதே வீட்டுச் சுவர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை எடுத்துச் சேர்த்துவைக்கும். வீடு சற்றுக் குளிரும். உடன்சூடிக்குத் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும், குடியிருப்பில் எங்கே சூடு மிச்சமிருக்கிறதோ அங்கிருந்து இழுத்துக்கொள்ளும்.

"மிச்சம்னு யாருப்பா முடிவு பண்றது?" என்று பொருத்த வந்தவரிடம் கேட்டான்.

"மிஷின்தான் சார். ஒரு வீட்ல இல்லேன்னா இன்னொரு வீடு. எல்லாரும் ஒரே நேரத்துலயா குளிக்கப் போறாங்க?"

பரந்தாமன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

"ரெண்டு மாசக் கொழந்தைய வச்சுக்கிட்டு வீட்டக் குளிர விடுவாங்களா?" என்றாள் மனைவி குமுதினி. "நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடும்."

உடன்சூடி தங்கியது.

தீபாவளியன்று விடியுமுன்பே குடியிருப்பு முழுவதும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குழாயைத் திறந்தது. குமுதினி குழந்தையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றினாள். குளியலறை ஆவியால் நிறைந்து இதமாக இருந்தது. துண்டெடுக்கக் கதவைத் திறந்த பரந்தாமன் கூடத்தில் கால் வைத்ததும் துள்ளினான். தரை சுட்டது, பனிக்கட்டியைப் போல. ஜன்னலுக்கு உட்புறம் உறைபனி. கொடியில் கிடந்த துண்டு அப்பளமாக விறைத்திருந்தது.

"கதவச் சாத்துங்க! கொழந்த!"

சாத்தினான். இந்த ஆவி எந்த வீட்டுக் கூடத்துச் சூடு? தன் கூடத்துச் சூடு யார் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறது? குழம்பிப்போய்க் குழாயை மூடினான். அடுத்த கணமே ஆவி கலைந்தது. சுவரில் குளிர் ஏறியது. குழந்தையின் உதடு நடுங்கியது. மேல்வீட்டுக் குழாய் மட்டும் ஓய்வில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி திறந்தான்.

காற்றுப்போக்கி வழியே மேல்வீட்டுக் கோமதிநாயகத்தின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "கங்கா ஸ்நானம் ஆச்சா சார்?"

"இன்னும் இல்ல சார். உங்களுக்கு?"

"எங்க சார்... வெளிய வர முடியல. நீங்க முடிச்சா நாங்களும் முடிச்சுக்கலாம்."

பரந்தாமன் குழந்தையைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். மூடவில்லை.