மூச்சிரும்பு

நிலவில் தாது தோண்டியது மூச்சு விடுவதற்காக. கரிய தாதுமணலை மூச்சுலையில் கொட்டி, ஹைட்ரஜனைச் செலுத்திச் சூடேற்றினால், இரும்போடு கட்டிக்கிடக்கும் உயிர்வளி கழன்று வந்துவிடும். குடியிருப்பு முழுக்க அதைத்தான் சுவாசித்தது. மிஞ்சுகிற இரும்பு, பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக, வெறும் கழிவு. பூமியில் இருப்பவர்கள் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். அத்தனை இரும்பு வெளியே குவிந்து கிடந்தது.

ஆனால் மனிதன் எதையாவது சும்மா விடுவானா? ஆளுக்கொரு குவியல் என்று பேர் போட்டுவிட்டார்கள். யார் பேரில் காற்று செலவானதோ, அதற்குரிய இரும்பு அவர் பேரில். காற்றில்லாத வெளியில் அது துருப்பிடிக்காமல் அப்படியே கிடக்கும். ஒருவர் இறந்தால் உடல் பயிருக்கு உரமாகிவிடும். வீட்டாருக்கு மிஞ்சுவது அந்த மூச்சிரும்பு மட்டும்தான்.

மூச்சுலையில் வேலை பார்த்த சுபிதாவின் மகள் ஷைனி இரண்டு வாரம்கூட உயிரோடு இருக்கவில்லை. அவள் பேரில் கிடந்தது உரித்த தேங்காய் அளவு இரும்பு. மற்றவர்களுடையது குன்று குன்றாக நிற்க, அது மட்டும் ஓர் ஓரமாகக் கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. மூச்சிரும்பை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். சுபிதா அதைக் கருவிப்பையில் ஒளித்து எடுத்துவந்து, காலியாய்க் கிடந்த தொட்டிலில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அது வெதுவெதுவென்று ஆனது. அவள் கணவன் ரெஜின் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“எட்டீ, சூடா இருக்கு! காத்தக் குடிக்குது.”

“குடிக்கட்டு. பச்சப்பிள்ளைக்கு எவ்வளவு வேணும்?”

அறையின் காற்றுமானி இறங்கியதும் காற்றுக்காவலர் மாசானம் வந்து நின்றார். சத்தம் போட வந்தவர் தொட்டிலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“யம்மா, இது துருப்பிடிக்குது. எல்லார் காத்தையும் இழுத்துரும். வெளிய கொண்டு வச்சிரு.”

“எவ்வளவு இழுத்துரும் அண்ணாச்சி? அவ எடுத்த மூச்ச இன்னொரு தடவ எடுக்கா. அது தீந்ததும் தானா நின்னுரும். அதுவரைக்குமாவது எங்கிட்ட இருக்கட்டு.”

பச்சை உடம்புக்காரியிடம் என்னத்தைச் சட்டம் பேசுவது? அந்தக் காற்று யார் பேரிலாவது போக வேண்டுமே என்று, ஷைனியின் மூடிக்கிடந்த காற்றுக்கணக்கைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? மனைவியை இழந்தவர், அப்பாவை இழந்தவள் என்று ஆளாளுக்கு ஒரு கூடை இரும்பை உள்ளே அள்ளிவந்தார்கள். செத்துப்போனவர்களின் சூடு திரும்பிவந்ததுபோல அதை அணைத்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்திக்கு இரங்கிய மாசானத்தால் மற்றவர்களுக்கு மறுக்க முடியவில்லை. மூச்சுலைகள் ஓய்வில்லாமல் எரிந்தன. தாது வண்டிகள் தொலைவிலுள்ள பள்ளங்களுக்குப் போக ஆரம்பித்தன.

ஷைனியின் இரும்பு மெல்லச் சிவந்து, உதிர்ந்து, ஒருநாள் குளிர்ந்துபோயிற்று. சுபிதா இரண்டாம் முறையாகப் பிள்ளையைப் பறிகொடுத்தாள். முதல் தடவை அழாததையும் சேர்த்து அழுதாள்.

அழுதால் மட்டும் வேலை நிற்குமா? விண்ணுடையை மாட்டிக்கொண்டு அவளும் ரெஜினும் உலைக்குப் போனார்கள். கழிவு வாயில் புது இரும்புக் கட்டி ஒன்று வந்து விழுந்தது. மேலே ஷைனி என்று அச்சாகியிருந்தது. அவளுடைய துரு குடித்த காற்றை ஈடுகட்டச் செய்த உயிர்வளியின் மிச்சம் அது. சுபிதா தூக்கிப் பார்த்தாள். கனத்தது. ரெஜின் வாங்கி எடைமேடையில் வைத்தான். பழையதைவிட ஒன்றரை மடங்கு.

அவனுக்குச் சட்டென்று உறைத்தது. தாதுவில் இரும்பு பிடித்து வைத்திருந்த உயிர்வளி கொஞ்சம்தான். துருவாகும்போது அதைப்போல ஒன்றரைப் பங்கை இழுத்துக்கொள்ளும்.

“தப்பாக் கணக்குப் போட்டுட்டோம் பிள்ளே,” என்றான் தலைக்கவசத்துக்குள்ளிருந்து. “இத உள்ள கொண்டுபோனா அடுத்தது இன்னும் பெருசா வரும். அதுக்கடுத்தது அதவிடப் பெருசு. எல்லாரும் இதே மாதிரி செஞ்சா நமக்கு மூச்சு மிஞ்சாது.”

சுபிதா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வளந்துட்டா பாத்தியளா,” என்றாள்.

ரெஜின் அதைப் பிடுங்கி எறியத்தான் கையை நீட்டினான். எறிய முடியவில்லை.

“குடு,” என்றான். “கொஞ்ச நேரம் நான் தூக்குதேன்.”