கடை நிறைய சொந்தக்காரர்கள்

சித்தி ஒரு பழைய துணியை எடுத்துத் தைத்தார். தைத்த நூலைப் பிரித்தார். அதே இடத்தில் மறுபடியும் தைத்தார்.

"எதுக்கு சித்தி இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டாள் சுண்டு.

"மெஷின் சத்தம் தெருவுக்குக் கேக்கணும்ல? சும்மா கெடக்கிற கடைன்னு யாரும் நினைச்சிடக் கூடாது."

சுண்டுவின் கால் தானாக ஆடத் தொடங்கியது. மனதை ஏதாவது குடைந்தால் அவளுக்கு முதலில் கால்தான் ஆடும்.

சித்தி இந்தத் தையல் கடையைத் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஒரே ஓர் அறை. சன்னலோரம் மெஷின், சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடி, உடுப்பு மாற்றிப் பார்க்க மூலையில் ஒரு திரை. அதற்கு முன்பு அவர் ஒரு பெரிய ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் காலர் மட்டும்தான். "வருஷக்கணக்கா காலராவே தைச்சாச்சு. ஒரு முழுச் சட்டைய நான் கண்ணால பாத்ததே இல்ல" என்று சொல்லித்தான் வேலையை விட்டார்.

ஆலையின் மேற்பார்வையாளர் நல்லவர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் இடத்துல வேற ஆளைப் போட மாட்டேன். கடை சரிப்படலேன்னா வந்துடு" என்றிருந்தார்.

இன்று வியாழன். இதுவரை ஒரு பொத்தான் தைக்கக்கூட யாரும் வரவில்லை.

ஆனால் கடையில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. எல்லோரும் சொந்தக்காரர்கள்.

வாசலை ஒட்டிய நாற்காலியில் பெரியப்பா. "கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும். காலியா இருந்தா ஈ கூட எட்டிப் பார்க்காது" என்பது அவர் கணக்கு. அதனால் தினமும் காலையில் குடும்பத்தைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுவார். பெரியம்மா திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுப் பட்டாணி உரிப்பார். மாமாவுக்கு இரவு வேலை. பகலில் வீட்டில் தூங்க வேண்டிய தூக்கத்தை அவர் இங்கே வந்து தூங்கினார். "தங்கச்சி கடைக்கு நான் வராம வேற யாரு வருவா?" என்று கேட்டுவிட்டுத்தான் குறட்டையே விடுவார்.

அப்போது வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். கையில் உப்பிய துணிப்பை.

பெரியப்பா துள்ளி எழுந்தார். "வாங்க, வாங்க! டேய் மச்சான், எந்திரி! இடம் விடு!"

மாமா அலறி விழித்தார். "யாரு? திருடனா?"

"என்ன தைக்கணும்மா?" என்று பெரியம்மா அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் தாராளமாவே வச்சுக்கோங்க. உங்க உடம்புக்கு அதுதான் சரி."

அந்த அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இல்ல... அப்புறமா வரேன்." போய்விட்டார்.

சித்தியின் கை மெஷின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது. ஒரு பட்டாணி உருண்டோடிச் சுவரில் முட்டி நின்றது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

"கூட்டம் பத்தல" என்றார் பெரியப்பா. "நாளைக்கு இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வரணும்."

சுண்டு வெளியே ஓடினாள். தெருமுனையில் அந்த அம்மாவைப் பிடித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, எங்க சித்தி ரொம்ப நல்லா தைப்பாங்க!"

"தைப்பாங்க கண்ணு. ஆனா என் உடுப்பெல்லாம் இறுகிப் போச்சு. இடுப்பை அளக்கணும். அத்தனை பேர் உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படி இருக்கும்?"

"அவங்க எல்லாம் சொந்தக்காரங்க ஆன்ட்டி."

"அப்படின்னா இன்னும் மோசம்!" என்று சிரித்துவிட்டார் அவர். "மார்க்கெட் போயிட்டு இதே வழியாத்தான் திரும்புவேன். பாப்போம்."

சுண்டு திரும்பி வந்து, சித்தியைத் திரைக்குப் பின்னால் இழுத்துக் காதில் எல்லாவற்றையும் சொன்னாள். சித்தி நெடுநேரம் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் தெரியும்டி" என்றார் கடைசியில்.

"தெரியுமா? அப்புறம் ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"நான் வேலைய விடறேன்னதும் ஊரே சிரிச்சுது. சிரிக்காதது இந்த மூணு பேருதான். அவங்களப் பாத்து, எந்திரிச்சுப் போங்கன்னு எந்த வாயால சொல்வேன்? நீயும் சொல்லிடாதே."

சுண்டுவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அந்த அம்மா எந்த நிமிடமும் திரும்பி வரலாம்.

"நாற்காலி எல்லாம் தூசி. துடைக்கணும்" என்று சொல்லி, நாற்காலிகளை வெளியே தூக்கிப் போனாள். பெரியப்பா துணி வெட்டும் மேசையில் ஏறி உட்கார்ந்தார். மாமா சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார்.

சுண்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். எதிரே பேருந்து நிறுத்தம். அதில் ஒரு நீள பெஞ்சு.

"பெரியப்பா, நம்ம கடைய வெளியில இருந்து பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு? உள்ள இருந்தே நல்லா தெரியுதே."

"வர்றவங்க வெளியில இருந்துதானே பாப்பாங்க?"

பெரியப்பா தாடையைத் தடவினார். "அட, ஆமா! எல்லாரும் கிளம்புங்க."

சித்தியைக் கடையில் விட்டுவிட்டு நால்வரும் தெருவைக் கடந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டாணியும் வந்தது.

"கடை வெறிச்சோடிக் கெடக்கே" என்று பெரியப்பா நெளிந்தார். "வாங்க, போயிடலாம்."

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா."

அந்த அம்மா வந்தார். வாசலில் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நான் ஓடிப்போய் ஒரு 'வாங்க' மட்டும்..." பெரியப்பா பாதி எழுந்துவிட்டார். சுண்டு அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து வந்து, கடையையே மறைத்து நின்றது.

"எடுப்பா வண்டிய!" என்று கத்தினார் பெரியப்பா.

வண்டி நகர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

"போச்சு" என்றார் பெரியம்மா.

மாமாதான் முதலில் பார்த்தார். "திரைக்குக் கீழ பாருங்க. நாலு கால்!"

திரை அசைந்தது. உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் தெருவைத் தாண்டி வந்தது. சித்தியின் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

நால்வரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெரியப்பா மெல்ல உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார்.

"சுண்டு... நாமதானா?"

சுண்டு அவர் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா வெளியே வந்து, கையை வீசி நடந்தார்.

"ஐயையோ, பையை விட்டுட்டுப் போறாங்க!" என்றார் பெரியம்மா.

"தைக்கக் கொடுத்துட்டுப் போறாங்க, பெரியம்மா!"

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மா தன் தங்கையையும் பக்கத்து வீட்டுக்காரியையும் அழைத்து வந்தார். அவர்கள் போனதும் சித்தி மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். "சார், என் இடத்துல வேற ஆளைப் போட்டுக்கோங்க."

பெரியப்பாவும் வழக்கம்போலக் குடும்பத்தைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் தெருவைக் கடக்கவில்லை.

ஒரு பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, காலையிலேர்ந்து இங்கேயே இருக்கீங்க. ஏறலையா?" என்று கேட்டார்.

"நீ போப்பா" என்றார் பெரியப்பா, கடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்க வேலையா இருக்கோம்."