எதிரிகளின் தாள்

காலை எட்டு மணிக்கு அன்றைய போர் முடிந்து, பொறிவீரர்கள் மின்னூட்டக் கூடத்துக்குத் திரும்பினார்கள். கைகளில் இருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு, முதுகில் கம்பியைச் செருகிக்கொண்டு, மேசைக்கு ஆறு பேராக உட்கார்ந்து பகடையை எடுத்தார்கள். செவ்வாயின் தென்முனைக் குடியேற்றத்தில் இது தினப்படி நடப்பது. மின்னேறும் நேரத்தில் விளையாடாவிட்டால் அவர்களுடைய மூளைச்சுற்று மந்தமாகிவிடும்.

ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை விழுகிறபடி கதையை நகர்த்தும் ஆட்டம்; அதை நடத்துபவள் யாழிசை. பதவியின் பெயர் விதியாசிரியை. ஏழு வருடமாக வாள், மந்திரவாதி, குட்டிச்சாத்தான் என்று ஒரே மாயக்கதை. பனிச்சுரங்கத்துக்காக வடமுனையோடு நடந்த சண்டை இழுத்துக்கொண்டே போகவும், மேலிடத்துக்கு ஒரு யோசனை உதித்தது. அதே விதிகளை வைத்துப் போர்க்களத் திகில் விளையாட்டு ஒன்று செய்தால் பயிற்சிக்குப் பயிற்சியும் ஆயிற்று.

அவளும் மாற்றினாள். வாள் துப்பாக்கியானது; கோட்டை பதுங்குகுழியானது. ஒரு தூக்கம் போட்டால் காயமெல்லாம் ஆறிவிடும் என்ற விதியை அடித்துவிட்டாள். போன கால் போனதுதான். திகிலுக்குத்தான் திண்டாடினாள். பேய் பிசாசுக்கெல்லாம் பொறிவீரர்கள் மசிகிற ஆட்கள் இல்லை. கடைசியில் எழுதினாள்: நீ கொன்றவனின் குரல், ஆட்டம் முடியும்வரை உன் தலைக்கவசத்துக்குள் பேசிக்கொண்டே இருக்கும்.

வினை அங்கேதான் வந்தது. பேசுவதற்குச் செத்தவனிடம் விஷயம் வேண்டுமே. பழைய ஆட்டத்தில் குட்டிச்சாத்தான்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான். பெயரும் விவரமும் எழுதிய தாள், ஆடுகிறவர்கள் ஏற்கும் வேடங்களுக்கு மட்டுமே. தொழிலில் சுத்தம் பார்க்கிற யாழிசை, எதிரி ஒவ்வொருவனுக்கும் ஒரு தாள் எழுதினாள். பெயர், வீடு, பிடித்த சாப்பாடு, பாதியில் விட்டுவந்த வேலை.

மூன்று நாள் விளையாடினார்கள். நான்காம் நாள் கழுவுவதற்கு எதுவும் இல்லாமல் திரும்பி வந்தார்கள். பின்னாலேயே தளபதி ரூபவதியும் வந்துவிட்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? எதிர்க்குழியில நாப்பது பேர் நிக்கிறாங்க. இவங்க சுடாம, அவங்க தாள் எங்கேன்னு கேக்கறாங்க."

"விதியைப் பழையபடி மாத்திடறேன் மேடம்."

"பன்னெண்டு மணி சங்குக்குள்ள மாத்து. இல்லேன்னா மனுசங்களை அனுப்பப்போறேன். பட்டியல் போட்டாச்சு. முதல் பேர் நன்மாறன்."

நன்மாறன் யாழிசையின் தம்பி. தளபதி போனதும் ஏழாம் எண் பொறிவீரனிடம் ஓடினாள்.

"ஏழு, இனிமே எதிரிக்குத் தாள் கிடையாது. வெறும் எண்ணிக்கைதான்."

"படித்ததைப் படிக்காததாக ஆக்கிக்கொள்ள எங்களுக்குத் தெரியாது. யாரைச் சுட்டாலும், செத்தபின் அவர் எங்களுக்குள் என்ன பேசுவார் என்று முன்பே தெரியவேண்டும்."

"நினைவை அழிச்சிடலாமே?"

"அழித்தால் நடக்கவும் மறந்துவிடுவோம்."

"அது விளையாட்டுப்பா. நிஜத்துல செத்தவங்க யாரும் பேசமாட்டாங்க."

"சோதித்துப் பார்த்தீர்களா?" என்று ஏழாம் எண் மரியாதையாகக் கேட்டான்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. புதுச் சீருடையில் நன்மாறன் சிரித்துக்கொண்டே விடைபெற வந்தான். யாழிசை மேசையில் கிடந்த ஆட்டத்து எதிரிகளின் தாள்களையெல்லாம் வாரி அவன் கையில் திணித்தாள். படித்தால் இவனும் சுடமாட்டான். சுடாவிட்டால் சிறை. சிறையில் தள்ளினாலும் உயிரோடு இருப்பான்; அது போதும் அவளுக்கு.

"மாறா, இதைப் படிச்சிட்டுப் போடா. எதிர்க்குழியில நிக்கறவங்களும் இந்த மாதிரி ஆளுங்கதான். அக்காவுக்காகப் படி."

அவன் மேல் தாளை எடுத்தான். பெயர், வீடு, வெங்காயத் தோசை என்று பாதிவரை கண்ணை ஓட்டினான். பிறகு கட்டோடு அவளிடமே நீட்டினான்.

"இதெல்லாம் எதுக்குக்கா? மொத்தம் எத்தனை பேர்னு மட்டும் சொல்லு."

முதுகில் கம்பியோடு உட்கார்ந்திருந்த ஏழாம் எண், அவனிடமிருந்து நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டான்.