இடது பெட்டி

இடது பெட்டி முதலில் மூச்சு வாங்கியது.

யசோதா தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊரிகம் லைனில் அவள் வீட்டு முன்னறை பெஞ்சின் மேல் டேப் ரெக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் இரு பக்கமும் மூலைக்கொன்றாக இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். வலது பெட்டியில் அவள் பாடிய பாட்டு. இடது பெட்டியில் அதன் எதிரொலி. எதிரொலி என்றால் பாட்டுக்குப் பின்னால்தானே வர வேண்டும்? இதுவோ அவளுக்கு முந்தி மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக நின்றது.

"சாம்ராஜ், இதுல இன்னா பண்ணி வெச்சிக்கிற?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. நாடா எங்கனா இழுத்துக்கிட்டிருக்கும்."

சாம்ராஜ் மைன் எலக்ட்ரிகல் ஷாப்பில் வேலை செய்பவன். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு ஃபோர்மேனிடமிருந்து இந்த மெஷினை வாங்கியதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வைசாக பௌர்ணமிக்கு யசோதா புத்தர்மேல் கட்டிய பாட்டுகளைத் தாங்களே இசைத்தட்டாகப் போட்டுவிடலாம் என்று கிளப்பிவிட்டவனும் அவன்தான். பெங்களூர்க் கம்பெனி தட்டை மட்டும் வெட்டிக் கொடுக்கும். மற்ற முடிவெல்லாம் இவர்கள் தலையில். மோனோவா, ஸ்டீரியோவா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். காலை ரயிலில் நாடா போயாக வேண்டும்.

"மோனோதான்" என்றாள் யசோதா. "சின்னத் தட்டு. விகாரத்து மைக் செட்டுல ஓடும், டீக்கடையில ஓடும். ஸ்டீரியோ போட்டா யார் கேப்பாங்க? கிளப்புல நாலு ஆபீசருங்க."

"மோனோவுல ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும்க்கா. பின்னால கீறது அமுங்கிப் போயிடும். அவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்த எதிரொலி, வீணா?"

கஷ்டப்பட்டது உண்மைதான். மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் எதிரொலிக்கென்றே ஒரு காலி அறை இருக்குமாம்; அதற்குள் பாட்டை ஓடவிட்டு, சுவரில் பட்டுத் திரும்புவதை மைக்கில் பிடிப்பார்களாம். "நம்மகிட்ட இல்லாத காலி ரூமா?" என்று சிரித்த சாம்ராஜ், போன ஞாயிற்றுக்கிழமை அவளை மைசூர் மைன்ஸுக்கு அப்பால் எப்போதோ மூடிப்போட்ட ஒரு ஷாஃப்டுக்கு, ஆழமான சுரங்கக் குழிக்கு, கூட்டிப் போனான். வாயை அடைத்திருந்த கம்பிவலையின் சந்து வழியே ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் ஒயரில் கட்டி இறக்கினார்கள். கீழேயிருந்து ஈர மண்ணும் பழைய வெடிமருந்தும் கலந்த வாடை வந்தது. பாட்டு இறங்கியது. வெகுநேரம் கழித்து, திரும்பி வந்தது.

அவள் கணவன் அசோகன் அதற்கு முந்தின நாளே சொல்லியிருந்தான். அவன் அண்டர்கிரவுண்டில் மரம் முட்டுக் கொடுக்கிறவன், அதிகம் பேசாதவன். "பாட்டு போடு, வாணாங்கல. கடைசி அடியில உன் பேர் வருதில்ல, அத மட்டும் குழிக்குள்ள வுடாத. கீழ நாங்க யாரையும் பேர் சொல்லிக் கூப்புடறதில்ல, வேற எதுனா கேட்டுக்கும். பைப்பைத் தட்டுவோம், அவ்ளோதான்."

'யசோதா பாடினேன், கேளாய் உலகே.' அந்த அடி போய்விட்டால் பாட்டு யாருடையது? அசோகனின் தங்கை லீலாவுக்கும் நல்ல குரல். லீலா எதிரே வந்தால் சாம்ராஜின் முகம் இளகுவதை யசோதா பார்த்திருக்கிறாள். பேரை எடு என்று அண்ணன் சொல்வான், குரலை மாற்று என்று தங்கை சொல்வாள், நடுவில் இந்த சாம்ராஜ் தலையாட்டுவான். எல்லாம் கூட்டு! அதனால்தான் ஷாஃப்டின் வாயில் நின்று, அந்த அடியை மட்டும் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். சாம்ராஜும் ஓட்டினான்.

"கோரமண்டல் பஜார் போயி ஒரு காலி ஸ்பூல் வாங்கினு வரேன். அதுக்குள்ள முடிவு பண்ணி வெச்சிடுக்கா" என்று சைக்கிளை எடுத்தான் சாம்ராஜ். அவன் ஏன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் கதவைச் சாத்தினாள்.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் அது பொரிந்தது. நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டு கட்டிவிட்டது. யசோதா நாடாவை மெல்லச் சுற்றி, விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். வெட்டி ஒட்டியிருந்தால் ஒட்டு தட்டுப்படும். ஒரு இடத்திலும் தட்டுப்படவில்லை. அப்படியானால் லீலாவை எங்கேயோ கூட்டிப்போய் எதிரொலிக்கு மேலேயே பாடிப் பதிய வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். வலது பெட்டியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, இடது பெட்டியை மட்டும் ஓடவிட்டாள்.

லீலாவின் குரல் இல்லை.

அவளுடைய குரலேதான். 'நிழலிலே' என்ற சொல்லில் சளி கட்டி லேசாகப் பிசிறியதுகூட அப்படியே இருந்தது. சந்தேகப்பட்டது வெட்கமாகப் போய்விட்டது. பாவம் சாம்ராஜ், வந்ததும் ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். அப்புறம்தான் கவனித்தாள். எதிரொலிக்கென்று இருந்த முழக்கம் அதில் இல்லை. அறைக்குள் ஆள் நின்று பாடுவதுபோல அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு சுத்தமாக இருந்தது. வலது பெட்டியின் சத்தத்தைத் திரும்ப ஏற்றினாள். இப்போது வலது பெட்டிதான் எங்கோ ஆழத்திலிருந்து பின்தொடர்ந்து வந்தது.

ஈர மண் வாடை. மழையாக இருக்கும்.

கடைசி அடி வந்தது. 'யசோதா பாடினேன்' என்றது இடது பெட்டி. ரொம்ப தூரத்தில், 'பாடினேன்' என்றது வலது.

நாடா தீர்ந்தது. காலிச் சக்கரம் சுற்ற, நாடாவின் நுனி பட்பட்டென்று அடித்துக்கொண்டது.

இடது பெட்டி இருமியது.

அவளுக்குத் தொண்டை கமறியது. இருமினாள். அதே இருமல். இரண்டு தடவை, நடுவில் ஒரு சின்ன இழுப்பு. அவள் மெஷினை அணைத்தாள். சக்கரம் நின்றது. பாய்ந்து போய் இடது பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். ஒயர் கையில் இருந்தது. செம்பு நுனி குளிர்ந்திருந்தது.

"அய்யோ" என்றது இடது மூலை.

"அய்யோ" என்றாள் யசோதா.

தானாக வந்தது. அவள் சொல்ல நினைக்கவேயில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நகர்ந்தாள். முதுகு வலது சுவரில் முட்டியது. அங்கிருந்து நகர முடியவில்லை. இடது மூலையில் இருட்டு. சொட்டுச் சொட்டாக ஏதோ தரையில் விழும் சத்தம். கூரை ஒழுகவில்லை.

சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அசோகன். ஷிஃப்ட் முடிந்து வருகிறான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே வராதீங்க என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வந்தது.

"வந்துட்டீங்களா? உள்ள வாங்க" என்றது இடது மூலை.

"வந்துட்டீங்களா? உள்ள வாங்க" என்றது அவள் வாய். மெல்ல. பின்னால்.

கதவு திறந்தது. அசோகன் தலையைத் துவட்டியபடி வந்தான். அவள் நின்ற பக்கம் பார்க்கவில்லை. டிபன் கேரியரை இடது மூலைக்கு நீட்டினான். அங்கிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. முழங்கை வரை செம்மண் ஈரம். மணிக்கட்டில் அவளுடைய பச்சை வளையல்கள்.

யசோதா தன் கையைப் பார்த்தாள். வெறுங்கை.

"இன்னா யசோதா, ரூம்ல இப்படி எதிரொலி அடிக்குது?" என்றான் அசோகன், மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

"எல்லாம் சாம்ராஜ் வேலதான். மோனோவுல போட்டா போயிடும்."

வலது சுவரில் சாய்ந்தபடி, கண்களில் நீர் வழிய, யசோதாவின் உதடுகள் அசைந்தன.

"போயிடும்…"