சுண்டுவிரல் சாட்சி

“உனக்குப் பியானோ வாசிக்கத் தெரியுமா?”

பத்தொன்பது வருடங்களுக்கு முன் தட்டச்சு வேலை கேட்டு வந்த ஹெர்மினியாவிடம் மேலாளர் அரோசேனா கேட்ட முதல் கேள்வி அது. சான்றிதழ்களை அவர் புரட்டவில்லை, விரல்களைத்தான் பார்த்தார். தெரியும் என்றாள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். உருகுவே நாட்டு மோன்டேவீடியோவின் அந்தக் கப்பல் காப்பீட்டு அலுவலகத்தில் சேரும் எல்லாப் பெண்களும் போடுகிற கையெழுத்து. கல்யாணம் நிச்சயமானால் அதன் மேலே ராஜினாமாவை அடித்துக்கொள்வார்கள். அதுவரை தாள்கள் அரோசேனாவின் இழுப்பறையில் பூட்டியிருக்கும்.

1953 மார்ச், திங்கட்கிழமை. காலை 9.10.

இயக்குநர் பிதேகாயினின் மேஜைமேல் தட்டச்சுப் பெண் டெலியா ஃபெர்ராண்டோவின் ராஜினாமாக் கடிதம் கிடந்தது. பிரிவுத் தலைவர் பதவிக்கான பரீட்சையைப் பெண்களும் எழுதலாம் என்று அந்த வருடம்தான் அனுமதித்திருந்தார்கள். அதில் டெலியா முதலாவது. முடிவு ஒட்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“திருமணத்தை முன்னிட்டுன்னு போட்டிருக்கு” என்றார் இயக்குநர்.

“எனக்கு மாப்பிள்ளையே இல்ல, சென்யோர். கல்யாணம் எங்கேர்ந்து வரும்?”

“கையெழுத்து உன்னதுதானே?” என்றார் அரோசேனா.

“என்னதுதான். ஆனா வேலைக்குச் சேந்தப்ப போட்ட தாளு அது.”

“அந்தத் தாள் என் டிராயர்ல பத்திரமா இருக்கு. சாவி என் கடிகாரச் சங்கிலியில. குளிக்கும்போதுகூடக் கழட்டறதில்ல. சனிக்கிழமை நீயே அடிச்சிருப்பே, இப்ப பதவின்னதும் மனசு மாறிட்டே.” பேசிக்கொண்டே சட்டையின் கைப்பட்டியைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். முதல் பெண் பிரிவுத் தலைவரைப் படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்.

“ஹெர்மினியாவைக் கூப்பிடுங்க. தாளைப் பாத்தே எந்தப் பொண்ணு அடிச்சதுன்னு சொல்லுவாளாமே.”

10.05. பரீட்சையில் இரண்டாவதாக வந்த லாமாஸ், மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“எத்தனை மணிக்கு வந்தீங்க?” என்று கேட்டாள் ஹெர்மினியா.

“எட்டரைக்கு. மாத்தே குடிச்சேன். அதுவும் குத்தமா?”

“டெலியாவோட மெஷின்கிட்டப் போனீங்களா?”

“டைப் அடிக்க நான் என்ன பாவாடையா கட்டியிருக்கேன்?”

சுற்றியிருந்த ஆண்கள் சிரித்தார்கள். அந்த அலுவலகத்தில் ஆண்கள் சொல்வார்கள், பெண்கள் அடிப்பார்கள். தட்டச்சு இயந்திரத்தைத் தொடுவதே ஆண்களுக்கு மானக்கேடு.

“உங்களுக்கு முன்னாடி யார் வந்திருந்தா?”

“அரோசேனா. என்னைக்குமே அவர்தான் முதல் ஆள்.”

10.40. தட்டச்சு அறையில் தன்னோடு வேலை பார்க்கும் எட்டுப் பெண்களின் கடிதங்களையும் ராஜினாமாவுக்குப் பக்கத்தில் பரப்பினாள் ஹெர்மினியா. டெலியாவின் இயந்திரத்தில் அடித்ததுதான்; சந்தேகமே இல்லை. ஆனால் எட்டுப் பேரின் கடிதங்களிலும் ‘a’ எழுத்து மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. ராஜினாமாவில் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு. முற்றுப்புள்ளிகள் தாளையே துளைத்திருந்தன.

டெலியா வாசலில் வந்து நின்றாள். “கண்டுபிடிச்சிடுவீங்கல்ல, ஹெர்மினியா? இந்த வேலையும் போச்சுன்னா அம்மாவோட உக்காந்து திரும்பச் சட்டைக்குக் காஜா எடுக்கணும்.”

“அழாதே. கதவுக்கு வெளியில காத்திரு.”

11.30. இயக்குநர் அறை. அரோசேனா சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எந்தப் பொண்ணு?” என்றார் இயக்குநர்.

“எந்தப் பொண்ணும் இல்ல, சென்யோர். நாங்க பத்து விரலால அடிக்கிறவங்க. ‘a’ இடது கை சுண்டுவிரல்ல வரும். அதுல பலம் கிடையாது, எழுத்து மங்கித்தான் விழும். இதை அடிச்சவர் ஒத்தை விரலால தேடித்தேடிக் குத்தியிருக்கார். அடிக்கத் தெரியாத ஆள். அதனால ஒரு ஆம்பளை.”

“அப்ப லாமாஸா?”

“டிராயரைத் திறக்கச் சொல்லுங்க.”

திறந்தார்கள். ஒன்பது பெண்களுக்கு எட்டுத் தாள்கள்தான் இருந்தன. ஹெர்மினியாவுடையது இருந்தது. டெலியாவுடையது இல்லை.

“சாவியை அவர் கழட்டறதே இல்லையாம். லாமாஸ் எப்படி எடுப்பார்? அடிக்கத் தெரியாதவங்க அடிச்சா எழுத்துக் கம்பிங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். கையை விட்டுத்தான் பிரிக்கணும், ரிப்பன் மை ஒட்டிக்கும். சென்யோர் அரோசேனா, உங்க வலது கைப்பட்டியைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

அவர் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

“பத்து ஆம்பளைங்க லீவு கேட்டு அவ முன்னாடி கைகட்டி நிக்கணுமா?” என்றார், இயக்குநரைப் பார்த்து.

பிதேகாயின் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

“அரோசேனாவுக்கு இன்னும் மூணு வருஷத்துல பென்ஷன். இது வெளியில போனா அலுவலகத்துக்கே அசிங்கம். கையெழுத்து அவளோடது, கடிதம் செல்லும்.” ஹெர்மினியா பக்கம் திரும்பினார். “ஆனா பத்திரிகையில பொம்பளைன்னு சொல்லியாச்சு. அந்த நாற்காலியில ஒரு பொம்பளை உக்காந்தாகணும். நீ பரீட்சை எழுதலை. பரவாயில்ல. பத்தொன்பது வருஷமா வாயைத் திறக்காம வேலை பாத்திருக்கே. இன்னைக்குப் பேசினதை இந்த அறையோட விட்டுடு.”

அரோசேனா முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் 11.52. ஹெர்மினியா மேஜைமேலிருந்த ராஜினாமாவை நேராக்கி, இயக்குநர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“எப்பலேர்ந்து, சென்யோர்?” என்றாள்.

“இப்பலேர்ந்து. தலையைச் சீவிக்கோ, படம் எடுப்பாங்க.”

கதவைத் திறந்தாள். டெலியா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். பின்னாலேயே வந்த இயக்குநர், மாடிப்படி ஏறி வந்த பத்திரிகைக்காரரை நோக்கிக் கையை நீட்டினார்.

“வாங்க, வாங்க. எங்க புதுப் பிரிவுத் தலைவர், சென்யோரீட்டா ஹெர்மினியா.”

டெலியா ஹெர்மினியாவைப் பார்த்தாள். ஹெர்மினியா கேமராவைப் பார்த்தாள். டெலியா பெஞ்சின்மேல் இருந்த தன் தொப்பியை எடுத்து, காற்றில் பறக்காதபடி ஊசி குத்தி, கையுறைகளை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.