கழுவி ஊற்றும் கடை

பட்டனுக்கு அலுத்துப்போய்விட்டது. ஏதோ கொஞ்சம் அலுப்பு என்று நினைக்காதீர்கள். உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை அலுப்பு.

எல்லாம் அவளுடைய அண்ணனால் வந்தது. பல் தேய்க்கும்போதுகூட அவன் ஒரு கையில் பிரஷையும் மறு கையில் ஃபோனையும் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"பட்டன், இதைக் கேளு. 'டிரம்ஸ் ரொம்ப அதிகம்'னு ஒருத்தர் எழுதியிருக்கார்."

"சரி."

"அதுக்குக் கீழேயே இன்னொருத்தர், 'டிரம்ஸ் பத்தவே இல்ல'னு எழுதியிருக்கார்."

"சரி."

"இதுல எதைத்தான் நம்புறது?"

"முதல்ல வாயைக் கொப்பளி. நுரை என் வீட்டுப்பாடத்து மேல விழுது."

பட்டன் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அவர்கள் வீட்டின் கீழே அம்மா ஒரு சலவைக் கடை வைத்திருந்தாள். சுவரோரம் வரிசையாகத் துவைக்கும் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் வட்டமான கண்ணாடிக் கதவு. அவற்றின் வடிகட்டியில் சிக்கிக்கொள்ளும் சட்டைப் பொத்தான்களையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் சேர்ப்பதுதான் அவளுடைய வேலை. அதனால் ஊரே அவளைப் பட்டன் என்று கூப்பிட்டது.

கடையின் பின்னால், சோப்புத்தூள் மூட்டைகள் அடுக்கிய அறையில், அண்ணனும் இரண்டு சிநேகிதர்களும் ஒரு இசைக்குழு நடத்தினார்கள். அண்ணன் கிடார். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு இடி என்று பெயர். பாடுகிறவனை எல்லாரும் கரகர என்றுதான் சொல்வார்கள். அவன் 'தண்ணி குடு' என்று கேட்டாலே குகைக்குள் புலி உறுமினாற்போல் இருக்கும்.

குழுவின் பெயர் 'ஏழாம் தட்டு'. சாப்பாட்டுக் கடை என்று நினைத்து ஃபோன் போட்டுச் சாப்பாடு கேட்டவர்களும் உண்டு.

அவர்கள் வாசிப்பது புரோகிரசிவ் மெட்டல். மெட்டல் என்றால், மேகம் இரண்டு மோதிக்கொண்டாற்போலக் கிடாரும் டிரம்ஸும் முழங்கும். புரோகிரசிவ் என்றால், 'சரி, தாளம் பிடிபட்டது, இனித் தலையை ஆட்டலாம்' என்று நீங்கள் ஆட்டத் தொடங்கும்போது தாளம் வேறு பக்கம் திரும்பிவிடும். கழுத்துதான் சுளுக்கும்.

போன மாதம் அவர்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். பெயர், 'துருப்பிடித்த நிலா'. முழுக்க முழுக்க ஒரே பாட்டு. ஒரு சலவை முடிய எவ்வளவு நேரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. அண்ணன் வாடிக்கையாளர்கள் எல்லாருடைய ஃபோனுக்கும் பாட்டை அனுப்பிவைத்தான். கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாளும் ஒட்டினான்: 'உங்கள் கருத்து எங்களுக்குத் தேவை. ஒளிக்காமல் சொல்லுங்கள்.'

யாரும் ஒளிக்கவில்லை.

"சட்டியும் பானையும் மாடிப்படியில உருண்ட மாதிரி இருக்கு" என்றார் தபால்காரர், தன் காக்கிச் சட்டைகளை மெஷினுக்குள் திணித்துக்கொண்டே.

"பாட்டு எப்ப தொடங்கும்னு சொல்லுப்பா. நான் இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் கணக்கு டீச்சர்.

ரொட்டிக்கடை அக்காவுக்கு இளகிய மனசு. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகம், வேப்பங்காயைக் கடித்துவிட்டுச் சிரிக்கிற முகம்.

அந்தச் சனிக்கிழமை காலை, பின்னறையில் ஒரே சண்டை.

"எல்லாரும் நம்மளைக் கழுவிக் கழுவி ஊத்துறாங்கடா" என்றான் இடி.

"உன் டிரம்ஸாலதான்" என்றான் கரகர.

"ஓகோ. நீ பாடுறதுல ஒரு வார்த்தையாவது புரியுதா? எங்க சித்தப்பா, பாடுறவனுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்குறார்."

"போதும், நிறுத்துங்க" என்றான் அண்ணன். அவன் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "சாயங்காலம் உட்கார்ந்து பாட்டை வெட்டிடலாம். சின்னச் சின்னத் துண்டாப் போடலாம். நடுவுல வர்ற அமைதியான இடத்தைத் தூக்கிடலாம். அதைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல."

கதவருகே நின்று பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்த பட்டன் எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

அந்த அமைதியான இடத்தில்தான் அவள் இருந்தாள்.

அங்கே கிடார் மெல்ல ஒலிக்கும். டிரம்ஸ் நின்றுவிடும். அப்போது ஒரு இரும்பு வாளியை யாரோ கரண்டியால் தட்டும் ஓசை கேட்கும். அந்த யாரோ, பட்டன்தான். ஏழு ஏழாகத் தட்ட வேண்டும். அவள் மறக்காமல் இருக்க அண்ணன் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தான்: 'நனை நனை, துவை துவை, பிழி பிழி பிழி.' அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே தட்டினால் தப்பாது.

ஆல்பம் வெளிவந்த நாளிலிருந்து அவளும்தான் காத்திருந்தாள். யாராவது ஒருவர், 'அந்த வாளி யாரு?' என்று கேட்க மாட்டார்களா என்று. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கருத்து கேட்டு அலைகிற அண்ணனைக் கேலி செய்துவிட்டு, எந்த முகத்தோடு சொல்வது?

அவள் விறுவிறுவென்று கடைக்கு வந்தாள். தபால்காரர் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பாட்டுல அந்த வாளி தட்டுற இடம் எப்படி இருந்துச்சு?"

"வாளியா? எந்த வாளி?"

"நடுவுல வருமே. சத்தமெல்லாம் அடங்கினதுக்கு அப்புறம்."

"அது அடங்க வேற செய்யுமா?" என்றார் தபால்காரர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

பட்டன் வாசலுக்கு ஓடினாள். கணக்கு டீச்சர் தெருவின் எதிர்ச் சாரியில் போய்க்கொண்டிருந்தார்.

"டீச்சர், பாட்டை எது வரைக்கும் கேட்டீங்க?"

டீச்சர் குடையைக் கைமாற்றிக்கொண்டார். "முழுசா... அதாவது, பால் பொங்குற வரைக்கும் கேட்டேன். அப்புறம் அடுப்பை அணைக்கப் போனேனா, அப்படியே மறந்துட்டேன்."

ரொட்டிக்கடையில் அக்கா, இடுப்பில் குழந்தையோடு, கல்லாவில் நின்றிருந்தாள். "உண்மையைச் சொல்லட்டுமா பட்டன்? கோவிச்சுக்கக் கூடாது. இவன் ஃபோனைப் பிடுங்கி வாயில வெச்சுக்கிட்டான். அதோட சரி."

பட்டன் திரும்பி வந்து பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

"அண்ணா, யாருமே முழுசாக் கேக்கல. ஒருத்தர் பால் பொங்குற வரைக்கும். ஒருத்தர் குழந்தை கடிக்கிற வரைக்கும். அவங்க பேச்சைக் கேட்டா வெட்டப் போற?"

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற? கட்டிப் போட்டா கேக்க வைக்க முடியும்?"

"கட்டிப் போட வேண்டாம். துணி போட்டாப் போதும்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பாதிச் சலவையில மெஷின் கதவு திறக்காது. துணியை உள்ள விட்டுட்டு எவரும் போக மாட்டாங்க. சாயங்காலம் கடை நிறைஞ்சிருக்கும். எனக்கு ஒரு சலவை நேரம் குடு. அப்புறம் வெட்டுறதுன்னா வெட்டிக்கோ."

கடையின் ஒலிபெருக்கி அம்மாவின் பொறுப்பில் இருந்தது. அம்மா கைகளைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"கழுவி ஊத்துறது நம்ம தொழில். அதுக்குப் பயந்தா நான் என்னிக்கோ கடையை மூடியிருக்கணும்" என்றாள். "போடு. ஆனா யாராவது வேண்டாம்னு சொன்னா உடனே சத்தத்தைக் குறைக்கணும். ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் உன் காது என் கையில இருக்கும்."

சாயங்காலம் எல்லா மெஷினும் நிறைந்துவிட்டது. காலையில் வந்த தபால்காரர், இந்தத் தடவை போர்வைகளோடு வந்திருந்தார். டீச்சர் ஒரு மூட்டைத் திரைச்சீலை. ரொட்டிக்கடை அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாவுக்கறை படிந்த மேலங்கிகளோடு வந்தாள். அண்ணனும் மற்ற இருவரும் பின்னறைக் கதவிடுக்கில் ஒளிந்து நின்றார்கள்.

கதவுகள் 'டக், டக்' என்று பூட்டிக்கொண்டன. பட்டன் பாட்டைப் போட்டாள்.

"ஐயையோ, இங்கேயுமா?" என்றார் தபால்காரர். தன் போர்வையைப் பார்த்தார். அது கண்ணாடிக்குப் பின்னால் சுற்றத் தொடங்கியிருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் குறைச்சுக்கறேன் மாமா" என்று பட்டன் குறைத்தாள். "இப்பச் சரியா?"

"மாடிப்படியிலேர்ந்து உருண்டது, இப்பப் பக்கத்து வீட்டு மாடிப்படியிலேர்ந்து உருளுது. பரவாயில்ல."

கிடார் கர்ஜித்தது. கரகர உறுமினான். டீச்சர் விரல் விட்டு எதையோ எண்ணினார், முகம் சுளித்தார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அக்காவின் தோளில் குழந்தை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ரொட்டி பிசையும் மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் தாலாட்டு.

பட்டன் ஒலிபெருக்கியருகே நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம்தான். இதோ. டிரம்ஸ் நிற்கப் போகிறது.

டிரம்ஸ் நின்றது. கடை அமைதியானது.

அந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்த குழந்தை, வீல் என்று அழுதது.

பட்டனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை இடியிலும் தூங்கிவிட்டு, சரியாக அவளுடைய இடத்தில்தானா எழுந்திருக்க வேண்டும்? வாளி ஓசை அழுகைக்குள் முங்கிப்போனது. எல்லாரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள்.

"சாரி பட்டன், சாரி. நான் வெளியே தூக்கிட்டுப் போறேன்" என்று அக்கா தவித்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கியின் சத்தத்தைப் பட்டன் கூட்டியிருக்கலாம். கை அங்கே போகத்தான் செய்தது. ஆனால் குழந்தையின் உதடு நடுங்கியதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"வெளியே போகாதீங்க அக்கா. நனைஞ்சிடுவான்."

மூலையில் தரை துடைக்கும் வாளி இருந்தது. அதைக் கவிழ்த்து, அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சோப்புத்தூள் அள்ளும் கரண்டியை எடுத்தாள். ஒலிபெருக்கியில் தட்டும் பட்டனோடு சேர்ந்து இந்தப் பட்டனும் தட்டினாள்.

நனை நனை. துவை துவை. பிழி பிழி பிழி.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. மூக்கிலிருந்து ஒரு குமிழி வந்து உடைந்தது. பிறகு தன் கையால் அம்மாவின் தோளைத் தட்டியது, தாளம் கீளம் ஒன்றும் இல்லாமல்.

"அடே, ஏழு" என்றார் டீச்சர் சட்டென்று. "ரெண்டு, ரெண்டு, மூணு. அதான் நான் எட்டுக்கு எண்ணி எண்ணி வழுக்கி விழுந்துக்கிட்டே இருந்தேன்."

"பாட்டுல தட்டுறது நீதானா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். பட்டன் தலையை மட்டும் ஆட்டினாள். எண்ணும்போது பேச முடியாது.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. பாட்டு தன் கடைசிப் பகுதிக்கு ஏறியபோது, மெஷின்களும் பிழியும் கட்டத்துக்கு வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று இரைந்தன. தரை அதிர்ந்தது. டப்பாவில் பொத்தான்கள் கலகலத்தன. சத்தத்தில் டிரம்ஸ் எது, மெஷின் எது என்று பிரிக்க முடியவில்லை. டீச்சரின் குடை முனை தரையில் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருந்தது.

மெஷின்கள் நின்றன. கதவுகள் திறந்துகொண்டன. பாட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

தபால்காரர் எழுந்து போர்வையை எடுத்து, கூடையில் போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனார். அங்கேயே நின்றார். கடைசிக் கிடார் ஓசை ஓயும் வரை கூடையோடு நின்றார்.

பின்னறையிலிருந்து மூவரும் வந்து வரிசையாக நின்றார்கள். பரீட்சைத் தாள் வாங்க நிற்கிற பிள்ளைகளைப் போல.

"ஒளிக்காமச் சொல்லட்டுமா?" என்றார் டீச்சர். "கடைசியில ஏழுக்குப் பதிலா ஒரே ஒரு தடவை எட்டு வருது. அது என்னப்பா, புதுமையா?"

இடியின் காது சிவந்தது. "இல்ல டீச்சர். தப்பு. கை வழுக்கிடுச்சு. இத்தனை பேர் கழுவி ஊத்தினாங்க, அந்த ஒரு அழுக்கு மட்டும் யார் கண்ணுலயும் படல."

கரகர அடக்க முடியாமல் சிரித்தான். அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ள எல்லாருக்கும் கொஞ்ச நேரம் ஆனது.

"எனக்குப் பிடிக்கல" என்றார் தபால்காரர். "அதுல மாத்தமில்ல. சட்டி பானைதான். ஆனா உருட்டி விட்டவனுக்கு அது எங்க போய் நிக்கணும்னு தெரிஞ்சிருக்கு. முன்னாடி நான் பாதிப் படியிலேயே கேக்கறதை நிறுத்திட்டுப் போயிட்டேன்."

அண்ணன் சுவரில் ஒட்டிய தாளிடம் போனான். 'உங்கள் கருத்து' என்பதற்கு முன்னால், 'கடைசி வரை கேட்ட' என்று பேனாவால் எழுதினான்.

"அப்ப வெட்டலையா?" என்றான் இடி.

"அந்த எட்டை மட்டும் வெட்டு" என்றான் அண்ணன்.

தபால்காரர் படியிறங்கப் போனவர், திரும்பினார். "பட்டன், அந்த வாளி நீதானே?"

பட்டன் நிமிர்ந்தாள். இதோ, வந்துவிட்டது. அவள் இத்தனை நாள் காத்திருந்த பாராட்டு. "ஆமா மாமா."

"நல்லாத் தட்டுற. ஆனா கொஞ்சம் அவசரம். கடைசி மூணைத் தட்டும்போது ஓடுற." சொல்லிவிட்டுக் கூடையோடு போய்விட்டார்.

பட்டனின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "அவசரமா? நானா? அவருக்கு இசையைப் பத்தி என்ன தெரியும்? தபாலை ஒரு நாளாவது சீக்கிரம் கொண்டு வந்திருக்காரா?"

"சரி" என்றான் அண்ணன்.

"ஒருத்தருக்குமே சொல்லத் தெரியாத இடத்துல இவருக்கு மட்டும் என்ன?"

"சரி."

"என்ன சரி சரின்னு?"

"ஒண்ணுமில்ல. நீ முதல்ல வாயைக் கொப்பளி" என்று சொல்லிவிட்டு, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு மாதமாக அந்த வீட்டில் காணாமல் போயிருந்த சிரிப்பு அது.

எல்லாரும் போன பிறகு, பட்டன் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வாளியின் முன் உட்கார்ந்தாள்.

நனை நனை. துவை துவை. பிழி... பிழி... பிழி.

இப்படித்தான் நன்றாக இருந்தது. அதைத் தபால்காரரிடம் மட்டும் அவள் சொல்லப்போவதில்லை.