கங்காணி வீட்டுக் கரட்டுப் பூச்சு

மனிதனை மிருகத்திலிருந்து பிரித்துக் காட்டுவது சுவர்தான் என்பது பெரிய கங்காணி சிவசாமியின் தீர்மானமான கருத்து. சுவர்களிலும் உத்தமமானது கரட்டுப் பூச்சுச் சுவர். கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சுவர் சாணி மெழுகி வழவழவென்று இருக்கும். துரை பங்களாச் சுவரோ மேடும் பள்ளமுமாய், உரசினால் முழங்கைத் தோல் கழன்றுவிடும்படி இருக்கும். அதுதான் கௌரவம். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆளை ஆட்டி வைத்த ஒரு மனிதருக்கு அப்படிப்பட்ட சுவர் இல்லாவிட்டால் வேறு யாருக்கு?

அந்தக் கருத்தை மேசன் செல்லசாமி ஒரே வாக்கியத்தில் சாய்த்துவிட்டான்.

"பங்களாச் சொவரு கோணலுங்க ஐயா. வெடிப்ப மறைக்கத்தான் அந்தக் காலத்து தொர சாந்த வாரி எறியச் சொன்னாரு. ஒங்க சொவரு நேரா நிக்குது. இதுக்கு எதுக்குங்க அம்மத் தழும்பு?"

"தொரைக்கு இல்லாத அறிவா ஒனக்கு? பூசுய்யா."

செல்லசாமி அடுப்படிக்குப் பின்னால் மூன்று மாதிரி பூசிக் காட்டினான். ஒன்று விளக்குமாற்றால் கோடு இழுத்தது. ஒன்று பொடிக்கல் எறிந்தது. மூன்றாவது, சாந்தை வீசி, அரை ஈரத்தில் நனைத்த சாக்கால் ஒற்றி எடுத்தது. கங்காணி கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைப்பாகையோடு வந்து நின்று, மூன்றையும் தடவிப் பார்த்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் துரையும் துரைசாணியும் தேநீருக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் முன் இஸ்தோப்புத் தாழ்வாரமும் உள்கூடமும் முடிந்தாக வேண்டும்.

புதன்கிழமை சாயந்தரம் வாசற்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி தெரிந்தது. ஒரு பெருவிரல் அளவு.

"சாக்கு இப்பிடிப் பள்ளம் விடாதுங்களே," என்று சொல்லிக்கொண்டே செல்லசாமி அதை அடைத்தான்.

வியாழக்கிழமை காலையில் ஏழு குழிகள் இருந்தன. வாசற்காலிலிருந்து உள்பக்கமாக, ஒரே வரிசையில், ஒரே உயரத்தில். அந்த உயரத்தில் தம் நெஞ்சு இருப்பதைக் கங்காணி கவனித்தார். ஒரு குள்ளமான பெண்பிள்ளை கையை நீட்டினால் அந்த உயரம் வரும்.

"கைநாட்டு வச்ச மாதிரியே இருக்குங்க," என்றான் செல்லசாமி. குனிந்து உற்றுப் பார்த்தான். "ரேகை கூடத் தெரியுது. பொம்பள வெரலு. குறுக்கால ஒரு வெட்டுக் காயம் வேற."

"ஒன்னய சாந்து கொழைக்கச் சொன்னா, சோசியம் பாக்குற. அடைச்சிட்டுப் போய்யா."

செல்லசாமி அடைத்தான். கூலியைக் கூடக் கேட்காமல், சாக்கையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மத்தியானமே இறங்கிப் போய்விட்டான்.

அந்த வெட்டுக் காயத்தைக் கங்காணிக்குத் தெரியும். மை அதற்குள் இறங்காமல், முன்பொரு தாளில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

இந்த வீடு நிற்கிற இடத்தில் முன்பு லயத்தின் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறைக் குடியிருப்பு, இருந்தது. அதில் இருந்தவள் கொழுந்து எடுக்கும் நாகலெட்சுமி. குடும்பத்தோடு இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்ற தாளில் அவள் புருஷன் மூக்கன் பயந்துபோய் உடனே கைநாட்டு வைத்தான். அவள் மட்டும் மாட்டேன் என்றாள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் ஐம்பது பேர் பார்க்க, கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டிச் சொன்னாள்: "இத வெட்டி எடுத்துக்கிட்டுப் போயி வச்சுக்க கங்காணி. எம் உசிரு இருக்கற வரைக்கும் நாட்டு விழாது."

அவள் சொன்னதைக் கங்காணி அட்சரம் பிசகாமல் மதித்தார். அடுத்த மாதமே அவள் காய்ச்சலில் போனாள். மூக்கன் சாவுக்குத் தப்பு அடிக்கிறவர்களைக் கூப்பிட ஓடியிருந்த நேரத்தில் அவர் துக்கம் விசாரிக்கப் போனார், கோட்டுப் பையில் மைத்தட்டோடு. விரல் விறைக்கத் தொடங்கியிருந்தது. அதை அழுத்தி, இடமிருந்து வலமாக மெல்ல உருட்டி எடுக்க வேண்டியிருந்தது. தாளில் போன மாதத்துத் தேதி இருந்தது. பத்தாம் நாள் மூக்கனும் இரண்டு பெண்பிள்ளைகளும் இந்தியக் கப்பலுக்குப் போகும் தலைமன்னார் ரயிலில் ஏற்றப்பட்டார்கள். காம்பிராவை இடித்தார்கள். வீடு எழும்பியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே மூடுபனி இஸ்தோப்பில் ஏறி, தூண்களை விழுங்கி, வாசற்படியில் வந்து குந்திக்கொண்டது. மனைவி சண்முகவடிவு கோயிலுக்குப் போயிருந்தாள். கங்காணி கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஈரச் சுண்ணாம்பின் நெடியையும், ஆற்று மணலின் குளிர்ந்த வாடையையும், அவற்றுக்கு அடியில் மெல்ல மெல்லக் கிளம்பிவந்த கிள்ளிய கொழுந்தின் பச்சை மணத்தையும், அந்த மணத்துக்கும் அடியில் நாள்பட்ட காய்ச்சல்காரியின் கம்பளி நாற்றத்தையும் முகர்ந்துகொண்டிருந்தார். காய்கிற பூச்சு நாறத்தான் செய்யும் என்று தமக்கே சொல்லிக்கொண்டார்.

அப்போது சத்தம் கேட்டது.

ப்ச்.

மைத்தட்டிலிருந்து விரலைப் பிரித்து எடுக்கிற மாதிரி, சின்னதாக, ஒட்டிப் பிரிகிற சத்தம். இஸ்தோப்புப் பக்கம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். ப்ச். இப்போது வாசற்காலுக்கு உள்ளே. அவர் திரும்பிப் பார்த்தார். அடைத்த ஏழு குழியும் திறந்திருந்தன. எட்டாவது இருந்தது. ஒன்பதாவது அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. வெளியிலிருந்து எதுவும் சுவரைத் தொடவில்லை. சாந்துதான் உள்ளே இழுத்துக்கொண்டது.

வரிசை அவருடைய நாற்காலியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

ஓடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் மணி நாலரை, துரை ஐந்துக்கு வருகிறார், சுவரெல்லாம் கைநாட்டு. துரைசாணி தமிழ் படிக்காவிட்டாலும் ரேகை என்னவென்று தெரியாதவள் அல்ல. யாருடையது என்று ஒரு கேள்வி வந்தால், கேள்வி தாளுக்குப் போகும். தாள் தேதிக்குப் போகும். பெரிய கங்காணி என்ற பெயர் அத்தோடு போகும். அவர் சட்டியில் மிஞ்சியிருந்த சாந்தை எடுத்தார். நாற்காலிப் பக்கத்துக் கடைசிக் குழியில் அப்பி, பெருவிரலால் அழுத்தினார்.

விரல் பதமாக உள்ளே போனது.

வரவில்லை.

இழுத்தார். உள்ளே ஏதோ பிடித்திருந்தது. சில்லென்று. விறைப்பாக. பலமாகக் கூட இல்லை. ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிற பக்குவத்தோடு, அது அவர் விரலை அழுத்தியது. பிறகு உருட்டியது.

இடமிருந்து வலமாக.

மெல்ல.

"நாகலெட்சுமி," என்றார். முப்பது வருஷத்தில் அவர் மரியாதையாக உச்சரித்த முதல் கூலியாளின் பேர் அது. "தாயே. விட்டுரு. அந்தத் தாள நான் கிழிச்சிர்றேன்."

ப்ச்.

இந்த முறை சுவரில் இல்லை. அவர் புறங்கையில். சதை குழிந்தது. குறுக்கே ஒரு சாய்வான கோடு. அடுத்தது மணிக்கட்டில். அடுத்தது கோட்டுக் கைக்குள், முழங்கையில். தோளில். கழுத்தில். கத்துவதற்கு வாயைத் திறந்தார். நாக்கின் மேல் ஒரு பெருவிரல் வந்து உட்கார்ந்தது. கொழுந்துக் கறையின் கசப்பு.

சுவர் காயத் தொடங்கியது.

பனிக்குள் கார் வந்து நின்றது. சப்பாத்துச் சத்தம் படியேறியது.

"நல்ல சொவர், கங்காணி!" என்றது துரையின் குரல். "ரொம்ப நல்ல வேலை. ஆர் செஞ்சது?"

துரைசாணி கையுறையைக் கழற்றி, குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவள் விரல் ஒவ்வொரு குழியிலும் படும்போது சுவருக்குள் ஏதோ மெல்ல அசைந்து இடம் கொடுத்தது. கங்காணி திரும்பவில்லை. சுவரைப் பார்த்து, வலது கை முழங்கை வரை பூச்சுக்குள் போயிருக்க, நெற்றி சாந்தில் பதிந்திருக்க, கண் மட்டும் உருள நின்றார். காதுக்குப் பின்னால், தலைப்பாகைக்கு அடியில், புதிய குழிகள் ஒன்றொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

துரை நின்ற இடத்திலிருந்து அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. வேட்டி பின்பக்கம் நனைந்திருந்தது.